மஞ்சள் டப்பாவும் காயலான் கடையும்

போன வாரம் மூலக்கடைப் பக்கம் ஒரு குடியிருப்பில் குப்பை பிரிக்க ஆரம்பிக்கிறோம், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனால் வாசலில் நாலு நிறத்தில் புது டப்பாக்கள், சுவரில் ஜெர்மனியில் எந்தக் குப்பை எந்த நிற டப்பாவில் என்று சொல்லும் அட்டவணையின் தமிழாக்கம். "எப்படிக்கா இருக்கு?" என்றார் செயலாளர் தம்பி. எனக்குப் பகீரென்றது. ஏழு வருடம் முன்பு பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் நான் செய்த அதே வேலை. ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் கலக்காதீர்கள் என்பது ஊருக்கே தெரியும், அதை விடுங்கள். மற்றபடி நாம் சறுக்கும் இடங்கள் இவை.

டப்பாவை முதலில் வாங்குவது

16,000 ரூபாய் போட்டு வாங்கினோம். ஒரு வாரம் கழித்து மஞ்சள் டப்பாவைத் திறந்தால் உள்ளே நாலைந்து சிப்ஸ் கவர். பச்சை டப்பாவோ ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே வாழைப்பழத் தோலும் முருங்கைக்காய்ச் சக்கையும் காசிமேட்டு மீன் செதிலுமாக வழிந்தது. பால் கவர், பாட்டில், பேப்பர் எல்லாம் எங்கே? வீட்டு வேலைக்கு வரும் அம்மா கழுவிக் காயவைத்து, காயலான் கடையில் கிலோ கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே அங்கே ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

ஜெர்மனியில் 1991-இல் வந்த விதிப்படி, பொருளைச் சுற்றி வரும் உறையைத் திரும்பச் சேகரிக்கும் செலவு தயாரிப்பாளர் தலையில். அது கடை விலையிலேயே சேர்ந்துவிடும். அதனால்தான் அங்கே உறைக் குப்பைக்கென்று மஞ்சள் டப்பாவோ மஞ்சள் பையோ கிடைக்கிறது. 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு முன்பணம் உண்டு, இப்போது 25 சென்ட். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கைக்கு வரும். தயாரிப்பாளர் பொறுப்பு என்று நம் நாட்டிலும் விதி உண்டு, ஆனால் அது டப்பாவாகி நம் வாசலில் வந்து நிற்பதில்லை. இங்கே சரக்கை நகர்த்துவது காயலான் கடைக்காரர் தரும் விலை. விலை போகாத சிப்ஸ் கவரை அவர் தொடமாட்டார். அது கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குத்தான் போகும். அப்புறம் ஒருநாள் அவரிடமே போய்க் கேட்டேன். "கலர் எனக்கு எதுக்கும்மா? ஈரம் படாம குடு, போதும்" என்றார். இந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலை 16,000.

ஜப்பானில் எரிக்கிறார்களே, நாமும் எரிக்கலாமே என்பது

அங்கே பல ஊர்களில் சமையலறைக் கழிவும் 'எரியும் குப்பை'யில்தான் போகிறது. ஆனால் அது போய்ச் சேர்வது புகையை வடிகட்டும் ஆலைக்கு, தெருமுனைக்கு அல்ல. நம் ஈரக் குப்பை சும்மா எரியவும் எரியாது. பார்த்துக் கற்க வேண்டுமானால் தென்கொரியாவைப் பாருங்கள்: 2005-இல் உணவுக் கழிவை அப்படியே மண்ணில் கொட்டத் தடை போட்டார்கள், 2013 முதல் போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணம். மிச்சச் சோற்றை எடைபோட்டுக் காசு கேட்டால் எந்த வீட்டிலும் உலை அளவாகத்தான் வைப்பார்கள்.

பால் கவரைக் கழுவாமல் சேர்ப்பது

நாறும்.

பேட்டரி, ஊசி, பழைய மாத்திரை

தனி உறையில். குப்பை டப்பா தூய்மைப் பணியாளர் கையை உள்ளே விடும் இடம்.

மூலக்கடைத் தம்பிக்குக் காயலான் கடைக்காரரின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். டப்பாக்களை வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் மஞ்சள் டப்பாவில் வாட்ச்மேன் அண்ணன் கறிவேப்பிலை வளர்க்கிறார்.