மூன்று நாள் ஆற்றுப் பயணம்: ராஃப்டில் சாமான் கட்டுவது எப்படி?

என் அப்பா செந்தூலில் லாரி ஓட்டியவர். பாரம் ஏற்றி, தார்ப்பாய் விரித்து, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டதும், மீந்த கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பக்கவாட்டில் தொங்க விட்டுவிடுவார். கயிறு மிச்சமிருந்தால் வழியில் உதவும் என்பது அவர் கணக்கு. அதே கையோடுதான் நானும் முதன்முதலில் ஒரு ராஃப்டில் (காற்றடைத்த ஆற்றுப் படகு) சாமான் கட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அண்ணன் வந்து பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கயிற்று வாலை எடுத்து என் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றினார். "தம்பி, இப்ப படகு கவுந்துச்சுன்னா நீ எங்க இருப்ப?" என்றார்.

லாரி கவிழாது என்று நம்பிப் பாரம் கட்டுகிறோம். ராஃப்ட் கவிழும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

கோல குபு பாருவில் சிலாங்கூர் ஆற்றில் அரைநாள் ராஃப்டிங் போய்வந்த பலருக்கு இது புதிதாக இருக்கும். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், இரண்டு மணி நேரம் கத்தல், அப்புறம் நாசி லெமாக். அந்தப் படகில் ஆட்களைத் தவிர ஒன்றும் இருக்காது. கிளந்தானின் நெங்கிரி மாதிரி ஆறுகளில் இரண்டு இரவு, மூன்று பகல் என்று போகும்போது அரிசி, அடுப்பு, கூடாரம், குடிதண்ணீர் எல்லாம் கூடவே வரும். (நெங்கிரியில் அணைத் திட்டம் வந்திருப்பதால், போகுமுன் அங்குள்ளவர்களிடம் ஆற்றின் நிலவரத்தை விசாரித்துவிடுங்கள்.) ஒன்று முன்கூட்டியே: இதைப் படித்துவிட்டு வழிகாட்டி இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். அவரோடு சேர்ந்து கட்டத் தெரிந்துகொள்ளத்தான் இது.

காற்று

நான் சொல்லப்போவது 14 அடி ராஃப்ட். தரையில் துளைகள் இருக்கும், உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியேறிவிடும். பக்கவாட்டுக் குழாய் வெளியே பார்க்க ஒன்றுதான். உள்ளே தடுப்புகள் வைத்து நான்கு அறைகளாகப் பிரித்திருப்பார்கள், ஒன்று கிழிந்தாலும் மற்றவை மிதக்கும். ஓர் அறையை முழுக்க அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் ஏறி அந்தத் தடுப்பு கெட்டுவிடும். ஆகவே எல்லா அறைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி அடியுங்கள். குழாய் வடிவத்துக்கு வந்ததும் மறுபடி ஒரு சுற்று. குறுக்குக் குழாய்களும் தரையும் கடைசியில்.

எவ்வளவு? பல ராஃப்டுகளுக்குப் பக்கக் குழாயில் 2 முதல் 2.5 பிஎஸ்ஐ. பெட்ரோல் நிலையத்தில் காருக்கு 220 கிலோபாஸ்கல் அடிக்கிறோமே, அந்தக் கணக்கில் இது வெறும் 17தான். படகு மேல் ஒட்டியிருக்கும் அளவே கடைசி வார்த்தை.

வெயிலில் அடித்த காற்று குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் சுருங்கும், படகு தொளதொளவென்று ஆகிவிடும். தண்ணீரில் வைத்து ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பம்ப் பிடியுங்கள். மத்தியானம் கரையில் ஏற்றிச் சாப்பிட உட்கார்ந்தால் இதற்கு நேர்மாறு. வெயில் பட்டுக் குழாய் புடைக்கும், கொஞ்சம் காற்றை விட்டு வையுங்கள்.

சட்டம், அதில் தொங்கும் பெட்டிகள்

பல நாள் பயணத்தில் படகின் நடுவே ஓர் அலுமினியச் சட்டம் உட்காரும். துடுப்புக்காரர் அதில்தான் அமர்வார், கனமான பெட்டிகளும் அதில்தான் தொங்கும். குழாயில் ஒட்டியிருக்கும் டி-ரிங்குகளோடு (D வடிவ வளையங்கள்) சட்டத்தை நான்கு மூலையிலும் ஸ்ட்ராப் போட்டு இறுக்குங்கள். பிறகு சட்டத்தைப் பிடித்துக் குலுக்குங்கள். படகும் சேர்ந்து ஆட வேண்டும். சட்டம் மட்டும் ஆடினால் அவிழ்த்துவிட்டு மறுபடி.

ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்துவிடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. தரை என்பது காற்றடைத்த துணி. அடியில் பாறை தட்டும்போது அது மேலே எழும்பிக் கொடுக்க வேண்டும். மேலே 40 கிலோ பெட்டி உட்கார்ந்திருந்தால், பாறைக்கும் பெட்டிக்கும் நடுவில் தரை நசுங்கிக் கிழியும். பெட்டியைச் சட்டத்திலிருந்து ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டு, கீழே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வையுங்கள்.

ஸ்ட்ராப்

இங்கேதான் அப்பாவின் தொழிலும் இதுவும் பிரியும் இடம். லாரிக்காரர்கள் பயன்படுத்தும், பல் சக்கரம் வைத்த ரேச்செட் ஸ்ட்ராப் ஹார்ட்வேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். அளவுக்கு மீறி இறுகிச் சட்டத்தை வளைக்கும், மணல் புகுந்தால் சிக்கும், துருப்பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அவசரத்தில் அவிழாது. ராஃப்டுக்கு வேண்டியது கேம் ஸ்ட்ராப்: ஓர் அங்குல அகல நாடா, ஒரு முனையில் உலோகப் பக்கிள். பக்கிளை அமுக்கினால் நாடா உடனே விடும்.

போடும் விதம் இது. நாடாவை டி-ரிங்குக்குள் கொடுத்து, சாமானைச் சுற்றிக் கொண்டுவந்து, பக்கிளின் பல் கடிக்கும் பக்கமாக நுழையுங்கள். நாடாவில் முறுக்கு இருக்கக் கூடாது. பக்கிள் மேலே, கைக்கு எட்டும் இடத்தில் வர வேண்டும். ரப்பர் குழாய் மேல் உட்கார்ந்தால் உராய்ந்து தேய்க்கும், ஆள் உட்காரும் இடத்தில் வந்தால் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். ஒரு காலைச் சாமானில் ஊன்றிக்கொண்டு மேல்நோக்கி இழுத்தால், கை வலுவே போதும்.

மீந்த வாலை என்ன செய்வது? அதே ஸ்ட்ராப்பின் அடியில் நுழைத்து நுழைத்துப் பின்னிவிடுங்கள். ஒரு சாண் நீளம்கூடத் தொங்கக் கூடாது. வால் மிக நீளமாக வந்தால் நீங்கள் எடுத்தது தவறான ஸ்ட்ராப், சின்னதை எடுங்கள். 4, 6, 9, 12 அடி என்று கலந்து வாங்குங்கள், கணக்குப் போட்டதைவிட ஆறேழு அதிகமாகவே. எனக்கு எப்போதும் 4 அடிதான் முதலில் தீரும். ஏன் என்று கேட்டால் தெரியாது.

நைலான் நாடா நனைந்தால் கொஞ்சம் நீளும். காலையில் கல் மாதிரி இறுக்கியது, முதல் ரேப்பிட் (ஆறு பாறைகளிடையே வேகமாகப் பாயும் இடம்) தாண்டியதும் விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். ஆகவே முதல் ரேப்பிட்டுக்குப் பிறகு கரை ஒதுங்கி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். "போகலாம்லா, நேரமாச்சு" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்வான். சொல்லட்டும்.

எடை எங்கே?

கனமானது கீழே, நடுவில். லேசானது மேலே, ஓரத்தில். தண்ணீர்தான் மிகக் கனம். ஆறு பேர், மூன்று நாள், ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்றால் 72 லிட்டர், அதாவது 72 கிலோ. வடிகட்டி எடுத்துப்போனால் இதில் பாதிக்கு மேல் குறையும். எப்படியானாலும் கேன்களைச் சட்டத்தின் இரு பக்கமும் சமமாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் சாய்ந்த படகு நேராகப் போகாது, துடுப்புக்காரர் மூன்று நாளும் உங்களைத் திட்டுவார்.

இரண்டு படகு போகிறதென்றால், சாப்பாடு முழுவதும் ஒன்றிலும் அடுப்பு முழுவதும் இன்னொன்றிலும் என்று பிரிக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை அப்படிச் செய்தோம். அரிசி இருந்த படகில் மூட்டை நனைந்துபோக, அன்றிரவு எட்டுப் பேருக்கு நான்கு டின் சார்டினும் கொஞ்சம் பிஸ்கட்டும். ஊறிய அரிசி மறுநாள் காலை புளித்த வாடையோடு எங்களைப் பார்த்துச் சிரித்தது.

டிரை பேக்

அரிசி நனைந்ததற்குக் காரணம் பையில்லை, மூடிய கைதான். டிரை பேக்கின் (தண்ணீர் புகாத பை) வாயைக் குறைந்தது மூன்று மடிப்பு மடிக்க வேண்டும். பையை மண்டியிட்டு அமுக்கிக் காற்றை வெளியேற்றி, இரண்டு ஓரத்தையும் நேராக ஒட்டவைத்து, சுருக்கமில்லாமல் சுருட்டி, அப்புறம்தான் பக்கிள். நிறையத் திணித்துவிட்டு ஒன்றரை மடிப்போடு பக்கிளைப் போட்டால் அது சாதாரணப் பைதான். தூங்கும் பை, மாற்றுத்துணி, அரிசி மூன்றையும் உள்ளே இன்னொரு தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது என் வழக்கம்.

பைகளைக் கட்டும்போது மேலே ஒரு ஸ்ட்ராப் குறுக்கே போட்டால் பத்திரமாகத் தெரியும். கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் சேதி: தோலுரித்த வாழைப்பழம் போலப் பை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஒவ்வொரு பையின் கைப்பிடிக்குள்ளும் ஸ்ட்ராப் நுழைந்து போக வேண்டும். எல்லாம் அடுக்கிய பிறகு மேலே வலை போட்டு, வலையின் ஓரங்களைச் சட்டத்தோடு இழுத்துக் கட்டுங்கள். வலையில் கால் நுழையும் தளர்ச்சி எங்கும் இருக்கக் கூடாது.

கட்டக் கூடாதவை

சில பொருள்களைப் புதையல் மாதிரி அடியில் புதைத்துவிடுவார்கள். த்ரோ பேக் (கயிறு நிரப்பிய எறி பை, 15 முதல் 20 மீட்டர் இருக்கும்), முதலுதவிப் பெட்டி, பம்ப், ஒட்டுப்போடும் சாமான் ஆகியவை ஒரே இழுப்பில் கைக்கு வர வேண்டும். மாற்றுத் துடுப்பைப் பக்கவாட்டில், ஒரு பக்கிளை அமுக்கினால் விடுபடும்படி கட்டுங்கள். ஒட்டும் பசை வாங்கும்போது உங்கள் படகின் துணி பிவிசி வகையா ஹைபலான் வகையா என்று கேட்டு வாங்குங்கள், இரண்டுக்கும் பசை வேறு.

படகைச் சுற்றி ஓடும் கயிறு தண்ணீரில் விழுந்தவர் பிடித்துக்கொள்வதற்கு. கை நுழைய வேண்டும், கால் நுழையக் கூடாது, அவ்வளவு இறுக்கம். முன்பக்கம் கரையில் கட்டும் நீளக் கயிற்றை ஒரு சின்னப் பைக்குள் திணித்து வாயை மூடுங்கள், சுருட்டி மாட்டி வைப்பதெல்லாம் ரேப்பிட்டில் நிற்காது. தண்ணீர் பாட்டிலைக் கேராபினரில் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டினால், பூட்டுத் திருகு உள்ளதாகப் பாருங்கள். சாதாரணக் கேராபினர் லைஃப் ஜாக்கெட் பட்டையைத் தானாகவே கவ்விக்கொள்ளும்.

கழிவறைப் பெட்டி? ஆம், அதுவும் உண்டு. மூடி இறுகும் பெட்டி, பின்பக்கம், சாப்பாட்டுக்கு எதிர்ப்பக்கம். இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கவிழ்த்துப் பார்

முடித்ததும் நால்வர் சேர்ந்து படகின் ஒரு பக்கத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். எது நகர்கிறது, எது தொங்குகிறது, எது லொடலொடவென்கிறது என்று ஐந்தாவது ஆள் பார்க்கட்டும். பாரம் மிகுதியால் தூக்க முடியாவிட்டால், ஒவ்வொரு சாமானையும் இரண்டு கையாலும் மேல்நோக்கிப் பிடுங்கிப் பாருங்கள். உங்கள் கைக்கு அசைவது தண்ணீருக்கு நிச்சயம் அசையும். இந்த வேலையை முதல்முறை ஆற்றங்கரையில் செய்யாதீர்கள். முந்தின வாரமே தாமானில், கார் போர்ச்சில், படகு இல்லாவிட்டால் கட்டில் சட்டத்தை வைத்தாவது ஸ்ட்ராப் போட்டுப் பழகுங்கள். பக்கத்து வீட்டு ஆண்ட்டி கேட்பார், பதில் யோசித்து வையுங்கள்.

ராத்திரி

கரை சேர்ந்ததும் பாதிப் பேர் அடுப்பைத் தேடுவார்கள். படகை முதலில் பாருங்கள். நம் நாட்டில் மாலை மழை எங்கோ மலையில் பெய்யும், நம் தலைமேல் ஒரு துளி விழாது. ஆனால் கெப்பாலா ஆயர் என்று இங்கே எல்லோரும் பயப்படும் திடீர் வெள்ளம் மேலிருந்து இறங்கிவிடும். படகை முடிந்தவரை மேலே இழுத்து, முன்னும் பின்னுமாக இரண்டு தனித்தனி மரத்தில் கட்டுங்கள். கூடாரத்தை மணல்திட்டில் போடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டுப் படுங்கள். நடுராத்திரி எழுந்து போகும்போது டார்ச் அடித்துப் பார்க்கலாம். குச்சி தண்ணீருக்குள் நின்றால் எல்லோரையும் எழுப்பிவிடுங்கள்.