முதல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது ஜன்னலின் நடுச்சதுரத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமரா, ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதன் வியூஃபைண்டர் ஒரு தனி ஜன்னல், லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதற்குள் வருவதே இல்லை. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் மங்கியிருந்தால் பார்க்கும்போதே மங்கலாக இருக்கும், ஃபோகஸ் தவறினாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தாலும், ஷட்டர் திரையில் ஓட்டை இருந்தாலும், ஏன், லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை என்றாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். உண்மை தெரிவது ரோலைக் கழுவிய பிறகு, அதற்குள் திருப்பி அனுப்ப விற்றவர் கொடுத்த கெடு முடிந்திருக்கும். முதல்முறை வாங்குகிறவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

பெயரைப் பார்த்து வாங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். லைக்கா எம்3 1954-ல் வந்தது, இன்றும் அதன் வியூஃபைண்டரைப் புகழாதவர் இல்லை, 0.91 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அந்த ஜன்னலில் ஃபோகஸ் செய்வது நிஜமாகவே சுகம். ஆனால் படத்தில் எவ்வளவு விழும் என்று காட்ட அதில் இருக்கும் சட்டக்கோடுகள் 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு மட்டும்தான். தெருவில் 35 மி.மீ. வைத்துப் படம் எடுக்கும் ஆசையில் எம்3 வாங்கினால், தனி ஜன்னல் ஒன்றை மேலே செருக வேண்டும், இல்லாவிட்டால் எம்3-க்கென்றே வியூஃபைண்டருக்கு முன்னால் வரும்படி கண்ணாடி மாட்டி வந்த பழைய 35 மி.மீ. லென்ஸைத் தேட வேண்டும். எம்2-வில் 35-க்குக் கோடு உண்டு, 1984-ல் வந்த எம்6-ல் 28 முதல் 135 வரை உண்டு, கூடவே வெளிச்சம் அளக்கும் மீட்டரும் இருக்கிறது. அதனால் எந்த லென்ஸில் படம் எடுக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், உடம்பை அப்புறம் பார்க்கலாம். இன்றைக்கு எம்6 நம்மூரில் லட்சங்களில் விற்கிறது, முதல் கேமராவாக அதை வாங்கியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, மலிவாக ஆரம்பிக்கலாம் என்றால் லென்ஸ் கழற்ற முடியாத ஜப்பான் கேமராக்கள் இருக்கின்றன. யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் க்யூஎல்17 ஜி3, ஒலிம்பஸ் 35 ஆர்சி, மினோல்டா ஹை-மேட்டிக் எல்லாம் இந்த வகை. லென்ஸ்கள் அருமையானவை. இங்கே நடக்கும் தவறு, 'ஷட்டர் அடிக்கிறது' என்ற ஒரு வரியை நம்பி வாங்குவது. எலக்ட்ரோ 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதன் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவது, பேட்டரி இல்லாவிட்டால் 1/500 நொடியில் மட்டும்தான் அடிக்கும், கையால் வேகம் வைக்கவும் வழியில்லை. விற்பவர் பேட்டரி போடாமல் கிளிக் சத்தம் கேட்கும் வீடியோவை அனுப்பினால் அதிலிருந்து உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. பேட்டரி போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், வெளிச்சத்திலும் இருட்டிலும் அடிக்கச் சொல்லுங்கள், இருட்டில் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். இன்னொன்று, ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாக இழுக்கும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு பொடிந்து போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த மாடலுக்கே உரிய பிரபலமான நோய் அது, சரிசெய்ய மேல்மூடியைத் திறந்தாக வேண்டும்.

கேனனெட்டில் தொல்லை வேறு மாதிரி. ஷட்டர் இதழ்களில் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொள்ளும், நாலைந்து முறை அடித்துவிட்டால் சரியாகிவிட்டது போல் இருக்கும், ஒரு வாரம் சும்மா வைத்தால் மறுபடியும் ஒட்டும். நேரில் வாங்குகிறீர்கள் என்றால் கையில் வாங்கியவுடன் அடிக்கும் முதல் கிளிக்கைத்தான் கவனிக்க வேண்டும், விற்பவர் பத்துமுறை அடித்துக் காட்டிய பிறகு பார்ப்பதில் பயனில்லை. அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது, அந்த பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் கணக்குப் போட்டு ஃபிலிமுக்குக் குறைவாக விடும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 துத்தநாக பேட்டரி 1.4 வோல்ட்டை ஒட்டித் தரும், மருந்துக்கடைகளில்கூடக் கிடைக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் குறை. பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சு பிசுபிசுவென்று போயிருந்தால் கவலை வேண்டாம், எல்லாப் பழைய கேமராவிலும் அப்படித்தான், மாற்ற அதிகம் செலவாகாது.

அடுத்து சோவியத் கேமராக்கள். ஃபெட் உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் செய்தது, ஸோர்கி மாஸ்கோவை அடுத்த க்ராஸ்னகோர்ஸ்கில் செய்தது, இரண்டுமே பழைய லைக்காவைப் பார்த்துப் பிறந்தவை. விலை குறைவு, லென்ஸ் மாற்றலாம், ஜூபிட்டர்-8 போன்ற அழகான லென்ஸும் கூட வரும். ஆனால் இவற்றில் மூன்று குழிகள் இருக்கின்றன. முதலாவது, ஃபிலிமை நகர்த்திய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். கடையில் எடுத்துப் பார்க்கும் உற்சாகத்தில் டயலை இப்படியும் அப்படியும் திருப்பினால் ஸோர்கி 4, ஃபெட் 3 மாதிரியான கேமராக்களில் உள்ளே பாகம் கெட்டுவிடலாம். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அப்படித் திருப்பினார்களோ தெரியாது, அதனால் எல்லா வேகத்தையும் வரிசையாக அடித்துப் பாருங்கள்.

இரண்டாவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். லென்ஸ் விளம்பரத்தில் எம்39 திருகு (39 மி.மீ. அகலத் திருகு) என்று போட்டிருக்கும், விலை மலிவாக இருக்கும், ஹீலியோஸ்-44 அல்லது இண்டஸ்டார்-50 என்று பெயர் இருக்கும், உங்கள் ஸோர்கியில் அழகாகத் திருகி உட்காரும். ஆனால் எம்39 திருகில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 28.8 மி.மீ. தூரத்தில் உட்காரச் செய்யப்பட்டது, ஸெனிட் எஸ்எல்ஆருக்கான எம்39 லென்ஸ் 45.2 மி.மீ. தூரத்துக்குச் செய்யப்பட்டது. திருகு ஒன்று, தூரம் வேறு. ஸெனிட் லென்ஸை ரேஞ்ச்ஃபைண்டரில் மாட்டினால் ரோல் முழுக்க மங்கல்தான் வரும், ஆனால் எடுக்கும்போது ஜன்னலில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும். இண்டஸ்டார்-50 இரண்டு குடும்பத்துக்குமே வந்திருப்பதால் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், லென்ஸின் பின்புறப் படத்தைக் கேளுங்கள். பின்னால், ஃபோகஸ் திருப்பும்போது முன்னும் பின்னும் நகர்ந்து கேமராவின் நெம்புகோலைத் தள்ளும் வளையம் இருந்தால்தான் அது ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்.

மூன்றாவது, போலி லைக்கா. தங்க முலாம், ஜெர்மன் ராணுவ முத்திரை, ஒலிம்பிக் சின்னம், பாம்புத்தோல் என்று அலங்காரமாக ஒரு பழைய லைக்கா மலிவாகக் கிடைத்தால் அது ஏறக்குறைய நிச்சயமாக உடை மாற்றிய ஃபெட் அல்லது ஸோர்கி. லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள், அசல் லைக்காவில் லென்ஸைத் தொடும் நெம்புகோலின் முனையில் வட்டமான சின்னச் சக்கரம் இருக்கும், சோவியத் கேமராவில் சரிவான நாக்கு மாதிரி இருக்கும். போலியும் படம் எடுக்கும்தான், ஃபெட் விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம்.

இனி லென்ஸ். கேமரா உடம்பைப் பழுதுபார்த்துவிடலாம், கெட்டுப்போன கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவருவது கடினம், அதனால் நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) முழுக்கத் திறந்து, லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பொருட்டே இல்லை. சிலந்திவலை மாதிரி கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. பால் ஊற்றியது போல் சீராகப் படர்ந்திருந்தால் ஹேஸ், விளிம்பில் வானவில் நிறத்தில் திட்டாக இருந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்துவிட்டன. ஜப்பானிலிருந்து வரும் விளம்பரங்களில் 'லேசான ஹேஸ், படத்தைப் பாதிக்காது' என்று எழுதியிருப்பார்கள். பாதிக்கும். வெயிலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்துப் பாருங்கள், கறுப்பு எல்லாம் சாம்பலாகிவிடும். பழைய கேனன் திருகு லென்ஸ்கள் சிலவற்றில் அப்பர்ச்சர் இதழ்களை ஒட்டிய கண்ணாடியில் படியும் ஹேஸ் கண்ணாடியையே அரித்துவிடும், பிரித்துத் துடைத்தாலும் போகாது. லைக்காவின் பழைய சும்மார், சும்மாரிட் லென்ஸ்களின் முன்பக்கம் மென்மையானது, பல பத்து வருடங்களாகச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து நுண்ணிய கீறல் நிறைந்திருக்கும். முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் பெரிதாகத் தெரியாது, பின்கண்ணாடியில் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

நம்மூர்க் கடற்கரை ஈரப்பதத்துக்குப் பூஞ்சை ரொம்பப் பிடித்த விஷயம். கேமராவோடு வரும் அந்த அழகான தோல் உறையிலேயே வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பா போதும், ஜெல்லை அவ்வப்போது காயவைக்க வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது எதிர்வீட்டு மாடியைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், அது முடிவிலி (லென்ஸில் ∞ என்று குறித்த வெகுதூரம்) ஆகாது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்போன் கோபுரத்தைப் பாருங்கள், லென்ஸ் முடிவிலியில் முட்டி நிற்கும்போது நடுச்சதுரத்தில் இரண்டு பிம்பமும் ஒன்றாக வேண்டும், மேல் கீழாக விலகியும் இருக்கக்கூடாது. அப்புறம் டேப் வைத்து ஃபிலிம் இருக்கும் இடத்திலிருந்து 1 மீட்டர் அளந்து ஒரு பொருளை வைத்து ஃபோகஸ் செய்து, லென்ஸில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். தூரத்தில் சரியாக இருந்து கிட்டத்தில் தவறுகிற கேமராக்கள் நிறைய. ஜூபிட்டர் லென்ஸை லைக்காவில் மாட்டுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை வரலாம், முழுக்கத் திறந்து பக்கத்தில் இருப்பவர் முகத்தை எடுத்தால் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக வரும். நடுச்சதுரம் மங்கி, பிம்பம் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம் என்பேன், ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குவதே அந்தச் சதுரத்துக்காகத்தான்.

துணித்திரை ஷட்டர் உள்ள கேமராக்களில் ஒரு விசேஷ ஆபத்து உண்டு. எஸ்எல்ஆரில் இருப்பதுபோல் நடுவில் முகம்பார்க்கும் கண்ணாடி இல்லாததால், லென்ஸை வெயிலைப் பார்க்க வைத்துவிட்டால் சூரியன் திரையில் குவிந்து பொசுக்கிவிடும். இருட்டு அறையில் லென்ஸைக் கழற்றி, முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள், ஷட்டரை ஏற்றி ஒருமுறை, ஏற்றாமல் ஒருமுறை, ஏனென்றால் இரண்டு திரைகள் இருக்கின்றன. கேனன் பி மாதிரி உலோகத் திரை உள்ளவற்றில் சுருக்கம் விழுந்திருப்பது சகஜம், பார்க்கக் கலவரமாக இருந்தாலும் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடும்.

பட்ஜெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கையில் இருக்கும் முழுப்பணத்தையும் கேமராவுக்கே கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கவரி இருக்கிறது, பல வருடமாக யாரும் திறக்காத கேமராவுக்குச் சர்வீஸ் இருக்கிறது, திருகு லென்ஸை லைக்கா எம் உடம்பில் மாட்ட 1 மி.மீ. வளையம் வேண்டும், அதிலும் உங்கள் லென்ஸுக்குரிய சட்டக்கோட்டை எழுப்பும் வளையமாகப் பார்த்து வாங்க வேண்டும். சமீபத்தில் யார் சர்வீஸ் செய்தார்கள் என்று பில்லோடு காட்டக்கூடிய கேமரா கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

வாங்கிய அன்றைக்கே ஒரு ரோல் போடுங்கள், நல்ல படத்துக்கு அல்ல, சோதனைக்கு. 400 வேகக் கறுப்பு வெள்ளை போதும். ஒரே சுவரை எல்லா ஷட்டர் வேகத்திலும், அதற்கேற்ற அப்பர்ச்சரில், ஒவ்வொரு ஃப்ரேம் எடுங்கள். லென்ஸை முழுக்கத் திறந்து 1 மீட்டரில் ஒன்று, 3 மீட்டரில் ஒன்று, தூரத்தில் ஒன்று. மூடியை மாட்டிவிட்டு வெயிலில் சில நிமிடம் வைத்து, அடுத்த ஃப்ரேமுக்கு நகர்த்துங்கள், எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே தெரியும். கழுவக் கொடுக்கும்போது ஸ்கேனோடு நெகட்டிவையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் செய்கிறவர் ஒவ்வொரு ஃப்ரேமின் வெளிச்சத்தையும் சமன் செய்துவிடுவார், 1/1000-ல் ஷட்டர் தளர்ந்து ஓடுகிறதா என்பது நெகட்டிவில் அந்தச் சுவர் எவ்வளவு அடர்த்தியாக விழுந்திருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட்டால் போதும், கோளாறு இருந்தால் கேமராவைத் திருப்பி அனுப்ப உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.