கைத்துப்பாக்கியில் லேசர்: மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள், குண்டு படப்போகும் இடத்தில் ஒளிப்புள்ளியைக் காட்டும் லேசரை அதில் மாட்டலாமா என்று கேட்டால், முதலில் ஒரு சோதனையைச் செய்து பார்க்கச் சொல்வேன். மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றுங்கள், சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று கண்ணாலும் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள், தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். அப்புறம் தோட்டாவைத் தடுத்து நிறுத்தக்கூடிய கெட்டியான சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, லேசர் புள்ளியை அதன்மேல் நிறுத்தி, ட்ரிக்கரை இழுங்கள். 'டிக்' என்று விழும் அந்த நொடியில் புள்ளி எங்கே ஓடுகிறது? வலக்கைக்காரர்களில் பலருக்கு இடப்பக்கம் கீழே பாயும். ட்ரிக்கரை அழுத்தாமல் வெடுக்கென்று பிடுங்குகிறீர்கள் என்று அர்த்தம். துப்பாக்கியின் மேலே குறிபார்க்க இருக்கும் இரும்பு சைட்டில் கண்ணுக்குத் தப்பிவிடும் இந்தத் தவறை லேசர் மறைக்காமல் காட்டிக் கொடுத்துவிடும். என்னைக் கேட்டால், இந்த ஒரு வேலைக்கே லேசருக்குக் கொடுத்த காசு தகும்.

அடுத்த நன்மை கண் சம்பந்தப்பட்டது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கை நீட்டும் தூரத்தில் இருக்கும் முன்சைட் மங்கலாகத் தெரியத் தொடங்கும். லேசர் புள்ளி இலக்கின் மேலேயே விழுவதால் எதிரே நிற்கும் ஆளைவிட்டுக் கண்ணை எடுக்க வேண்டியதில்லை. கீழே விழுந்துவிட்டீர்கள், ஒரு கை அடிபட்டிருக்கிறது, துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்க முடியவில்லை என்கிற நிலையிலும் புள்ளி உதவும்.

சரி, குறைகளுக்கு வருவோம். நல்ல வெயிலில் சிவப்புப் புள்ளி சில மீட்டரிலேயே காணாமல் போய்விடும். பச்சை பரவாயில்லை. நம் கண் பகலில் 555 நானோமீட்டர் அலைநீளத்தைத்தான் அதிகமாக உணர்கிறது, பச்சை லேசர் 520, 532 என்று அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சிவப்போ 635 முதல் 650 வரை தள்ளி நிற்கிறது. ஆனால் பச்சை பொதுவாக பேட்டரியைச் சீக்கிரம் தின்னும், விலையும் கூடுதல். பழைய வகைப் பச்சை லேசர் கடுங்குளிரில் சோர்ந்தும் போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் புள்ளியைத் தேடும் பழக்கம். இலக்கின்மேல் புள்ளி தெரியாவிட்டால் துப்பாக்கியை அங்குமிங்கும் அலைத்து அதைத் தேடுவார்கள், தெரிந்துவிட்டால் அது ஆடாமல் நிற்கட்டும் என்று காத்திருப்பார்கள். புள்ளி யார் கையிலும் ஆடத்தான் செய்யும். தேடுவதிலும் காத்திருப்பதிலும் போகிற நேரம் திரும்ப வராது. இன்னொன்று, லேசர் எங்கே சுடப்போகிறீர்கள் என்று காட்டுமே தவிர, யாரைச் சுடப்போகிறீர்கள் என்று காட்டாது. இருட்டில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று சொல்ல டார்ச்சால்தான் முடியும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு டார்ச்சை வாங்குங்கள். புகையோ தூசியோ இருந்தால் கதிரே கோடாகத் தெரிந்து நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். புள்ளியைக் கண்டதும் எதிராளி பயந்து ஓடிவிடுவான் என்று நம்பி வாங்குவதில் அர்த்தமே இல்லை.

வாங்குவதென்று முடிவு செய்தால் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாலே எரிகிற வகை எனக்குப் பிடிக்கும், பதற்றத்தில் பொத்தானைத் தேட வேண்டாம். குழலுக்குக் கீழே ரெயிலில் (கருவி மாட்டுவதற்கான தடம்) மாட்டுகிற வகைக்குப் பழைய உறை பொருந்தாமல் போகலாம்.

பிறகு லேசரை நேர்ப்படுத்த வேண்டும். லேசர் குழலுக்கு 2.5 செ.மீ. கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் புள்ளியும் குண்டும் ஒன்றாகச் சேரும்படி திருகினால், 5 மீட்டரில் குண்டு புள்ளிக்கு ஒன்றேகால் செ.மீ. மேலே படும். 20 மீட்டரில் புள்ளிக்குச் சில செ.மீ. கீழே போகும். வீட்டுக்குள் இது பொருட்டே இல்லை. இந்தச் சரிபார்ப்பைச் சுடும் பயிற்சிக்கூடத்தில் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, உண்மையான தோட்டாக்களைச் சுட்டுத்தான் செய்ய வேண்டும். கண்ணாடி, பளபளக்கும் பரப்பு பக்கம் கதிரைத் திருப்பாதீர்கள். 5 மில்லிவாட்டுக்குக் குறைந்த லேசரானாலும் கண்ணுக்குள் நேராகப் போனால் ஆபத்துதான்.

பயிற்சியில் பாதி நேரம் லேசரை அணைத்தே வையுங்கள். துப்பாக்கியை எப்போதும்போல சைட் வழியே பார்க்கும் உயரத்துக்குத் தூக்குங்கள், புள்ளி தெரிந்தால் பயன்படுத்துங்கள், தெரியாவிட்டால் சைட்டிலேயே சுடுங்கள். பேட்டரியை வருடத்துக்கு ஒருமுறை, தீராவிட்டாலும் மாற்றிவிடுங்கள். சில மாடல்களில் லேசரைக் கழற்றினால்தான் பேட்டரியை மாற்ற முடியும், அப்படியானால் நேர்ப்படுத்தலை மறுபடி சரிபார்க்க வேண்டும். புள்ளி திடீரென்று மங்கிவிட்டால் உடனே பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், பல நேரம் லென்ஸில் வெடிமருந்துக் கரிதான் படிந்திருக்கும், காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும்.