சொகுசுப் படகு வாங்க முதல், கட்டி வைக்க இடம் பாருங்கள்

லண்டனிலோ சுவிஸிலோ இருந்து வருகிற சொந்தக்காரர்கள் மட்டக்களப்பின் பாசிக்குடாக் கடற்கரையில் கால் நனைத்ததும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "இங்க ஒரு சொகுசுப் படகு வாங்கி விட்டா என்ன?" விடலாம். ஆனால் இணையத்தில் வெள்ளை இருக்கை, மேல்தட்டு, குளிர்சாதன அறை எல்லாம் பார்த்து மயங்கி, விலையும் பேசி, முற்பணமும் கட்டிய பிறகுதான் பலருக்கு இதை எங்கே கட்டுவது என்ற யோசனை வருகிறது. அதை அப்படியே திருப்பிப் போட்டுச் செய்யுங்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் படி: இடம்

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம், பார்க்கக் கடல் மாதிரித்தான் இருக்கும், ஆனால் பெரும்பகுதி ஆழம் குறைவு. 12 மீற்றர் நீளப் பாய்மரப் படகு ஒன்றின் அடிப்பாகம் தண்ணீருக்குள் ஏறக்குறைய இரண்டு மீற்றர் இறங்கி நிற்கும். அதை வாவிக்குள் கொண்டுவரப் பாலமீன்மடு முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். அந்த முகத்துவாரம் மாரி வெள்ளத்தில் வெட்டுப்பட்டுத் திறக்கும், கோடையில் மணல் மேடிட்டு அடைபடும். ஆக, கடல் அமைதியாக இருக்கிற காலத்தில் வாசல் மூடிக் கிடக்கும், வாசல் திறக்கிற நேரத்தில் வெளியே வாடைக்கடல் கொந்தளிக்கும். வற்றுப் பெருக்கைப் பார்த்து மேட்டைத் தாண்டலாம் என்றால் அதுவும் சரிவராது, எங்கள் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றர்கூட இல்லை. எப்படியோ உள்ளே வந்தாலும் கல்லடிப் பாலம் இருக்கிறது, உயரப் பாய்மரம் அதற்குக் கீழே போகவே போகாது.

ஒலுவில்? 2013இல் திறந்த துறைமுகம்தான், ஆனால் அதன் வாயிலை மணல் அடைத்த கதை அம்பாறைக் கரையில் எல்லாருக்கும் தெரியும். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகுகளுக்கானது, அங்கே போய் அவர்களுடைய இடத்துக்குப் போட்டி போடாதீர்கள். மிச்சம் இருப்பது திருகோணமலை. இயற்கையாகவே ஆழம், மூன்று பக்கமும் மலை, எந்தக் காற்றுக்கும் ஒதுக்கு. மட்டக்களப்பில் இருந்து வாகரை வழியாக வாகனத்தில் போய்வரலாம். நிரந்தரமாக அங்கே கட்டிவிட்டு, சித்திரை பிறந்த பிறகு பாசிக்குடாவுக்கும் அறுகம்பைக்கும் ஓட்டி வருவதுதான் என் கணக்குக்குச் சரி.

இரண்டாம் படி: எந்த மாதிரிப் படகு

வேக இயந்திரப் படகு வேண்டாம் என்பேன். 15 மீற்றர் படகு ஒன்றை 20 நொட் தாண்டி ஓட்டினால் மணித்தியாலத்துக்கு 150 லீற்றர் டீசல் சாதாரணமாகக் குடிக்கும், அந்தக் கணக்கை இன்றைய டீசல் விலையோடு நீங்களே பெருக்கிப் பாருங்கள். கட்டமரன் என்கிற இரட்டை உடல் பாய்மரப் படகு நம்முடைய கரைக்குப் பொருத்தம்: 12, 13 மீற்றர் இருந்தாலும் அடிப்பாகம் ஒன்றேகால் மீற்றர் அளவில் நிற்கும், நங்கூரத்தில் கிடக்கும்போது அவ்வளவாகச் சரிந்தாடாது, வயதான அம்மா அப்பாவையும் ஏற்றலாம். 24 மீற்றர் தாண்டிய படகுகளின் பக்கம் போகாதீர்கள், அங்கே சான்றிதழ் பெற்ற கப்டன், மாலுமிகள் என்று விசயம் வேறு.

மூன்றாம் படி: தேடுவதும் விலை பேசுவதும்

ஐரோப்பாவில் மலிவாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து வருவதென்றால் செங்கடல் வழி, அல்லது கப்பலில் ஏற்றிக் கொண்டுவரும் கூலி. தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி இரண்டையும் முதலில் பாருங்கள். உலகம் சுற்றக் கிளம்பிய பல பேர் களைத்துப்போய்ப் படகை விற்கிற இடங்கள் அவை, லங்காவி தீர்வையற்ற தீவும்கூட. அங்கிருந்து தை, மாசியில் வடகீழ்க் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு புறப்பட்டால் பத்து நாள் மட்டில் இலங்கை.

ஒப்பந்தத்தில் வழக்கமாக விலையில் 10 வீதம் முற்பணம். அந்தக் காசு விற்பவர் கைக்குப் போகாமல் தரகரின் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். "பரிசோதனையும் கடலில் ஓட்டிப் பார்ப்பதும் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன்" என்ற வரி இல்லாத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். இலங்கையில் இருந்து காசு அனுப்புவதானால் அந்நியச் செலாவணி விதிகளை வங்கியில் முன்கூட்டியே கதைத்துவிடுங்கள்.

நான்காம் படி: பரிசோதனை

இதற்குப் படகு பரிசோதிக்கத் தெரிந்த ஒரு சர்வேயரை நீங்களே பிடியுங்கள், விற்பவர் காட்டுகிற ஆள் வேண்டாம். ஆனாலும் கூடவே நில்லுங்கள். படகைக் கரைக்குத் தூக்கியதும் அவர் சின்னச் சுத்தியலால் படகின் பைபர் உடலைத் தட்டிக்கொண்டே போவார், 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டு வந்தது ஓரிடத்தில் 'பொத்' என்று மந்தமாகிவிட்டால் உள்ளே பைபர் அடுக்கு விட்டிருக்கிறது, அல்லது உள்கட்டை ஊறி உளுத்திருக்கிறது. அடியில் கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள்: வருகிற தண்ணீர் வினாகிரி மாதிரி மணத்தால் பைபருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் வால்வுகளைச் சுரண்டும்போது பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய்விட்டது, அது கையோடு உடையும்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ண முதல் அதன்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னமே யாரோ ஓட வைத்துவிட்டார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, கறுப்புப் புகை வந்தால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு எத்தனை வயது என்றும் கேளுங்கள், பத்து வருடம் தாண்டினால் காப்புறுதிக்காரர் கேட்பார்.

ஐந்தாம் படி: பதிவும் வரவும்

எந்த நாட்டுக் கொடியில் பதிவது என்பதை வாங்கும்போதே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டுக் கொடியோடு திருகோணமலைக்கு வந்தால் அங்கே ஒரு முகவரை வைத்துத்தான் சுங்கம், குடிவரவு எல்லாம் முடிக்க வேண்டும். இங்கேயே நிரந்தரமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் இறக்குமதித் தீர்வையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பிப் படகு ஓட்ட முடியாது.

பிறகு வருகிற செலவு

படகுக்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு, வாங்கிய விலையில் 10 வீதம் வருடா வருடம். பழைய படகுக்கு அதுவும் காணாது. அடிப்பக்கத்துச் சாயம் வருடத்துக்கு ஒருமுறை, இல்லாவிட்டால் சிப்பி ஒட்டி வேகம் போய்விடும். அடியில் பூட்டுகிற துருத்தடுப்புக் கட்டி கடலுக்குத் துத்தநாகம், வாவியின் சவர்த்தண்ணீருக்கு அலுமினியம், துத்தநாகத்தை வாவியில் போட்டால் சரியாக வேலை செய்யாது. ஐப்பசிக்கு முன் படகை ஒதுக்கிடத்தில் ஏற்றிக் கட்டிவிடுங்கள், புயல் காலத்துக்குக் காப்புறுதிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் வாசியுங்கள். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைப் புயல் தாக்கியபோது என்ன நடந்தது என்று ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்.

இவ்வளவும் வேண்டாம், வாவியில் பின்னேரம் குடும்பத்தோடு சுற்றினால் போதும் என்பவர்கள் அரை மீற்றருக்கு மேல் தண்ணீருக்குள் இறங்காத தட்டையான அடிப் பைபர் படகு ஒன்றைக் கட்டுவியுங்கள். நிழலுக்குக் கூரை, தூக்கி மடிக்கிற வெளி எஞ்சின், ஆளுக்கொரு மிதவை அங்கி. படகு கட்டுகிற ஓடாவியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூரை பாலத்தில் முட்டாத உயரத்தில் இருக்கட்டும் என்று.