சென்னை வெயிலுக்கு ஏத்த காப்பர் வோர்ட் சில்லர், வீட்டுலயே செய்யலாம்

வோர்ட்ங்கிறது பார்லி மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காய வச்ச பார்லியை, ஊறவச்சு வடிச்ச இனிப்புத் தண்ணி, அதை கொதிக்க வச்சதும் சீக்கிரமா ஆற வைக்கிற கருவிதான் வோர்ட் சில்லர். இதைச் செய்றது பெரிய வித்தை இல்ல, காப்பர் பைப்பை ஸ்பிரிங் மாதிரி சுத்தி கொதிச்ச பாத்திரத்துக்குள்ள இறக்கி பைப்புக்குள்ள பச்சைத்தண்ணி விட்டா சூடு வெளிய போயிடும், அவ்ளோதான். ஆனா இந்த டிசைன் குளிர் ஊர்க்காரங்க போட்டது, அங்க குழாயைத் திறந்தாலே ஜில்லுனு வரும், நம்ம ஊர்ல மே மாசம் மத்தியானம் மொட்டை மாடி டேங்க் தண்ணியில கை கழுவினாலே சுடுது. அந்தத் தண்ணியை விட்டா எத்தனை அடி காப்பர் போட்டாலும் வோர்ட் 40 டிகிரிக்கு கீழ இறங்காது, ஏன்னா உள்ள போற தண்ணி எந்த சூட்டுல இருக்கோ அதுக்கு கீழ எதையும் ஆற வைக்க முடியாது. அதனால சென்னைக்கு ரெண்டு கட்டமா செய்யணும், முதல்ல சாதா தண்ணி, கடைசில ஐஸ் தண்ணி, நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயமே இதுதான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். தமிழ்நாட்டுல 1937ம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வீட்டுல மது தயாரிக்கிறது குற்றம், அதனால வோர்ட்டை மதுவா மாத்துற ஈஸ்ட் பக்கமே நான் போறதில்ல. பார்லி மால்ட்டை சுடுதண்ணில ஊறவச்சு வடிகட்டி, அந்த இனிப்புத் தண்ணியை, அதாவது வோர்ட்டை, கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு ஆற வச்சு சோடா மேக்கர் கேஸ் ஏத்தி ஃபிரிட்ஜ்ல வச்சுக் குடிக்கிறோம், பசங்களுக்கும் ரொம்பப் பிடிக்கும். ஹோம் ப்ரூயிங், அதாவது வீட்டுலயே பீர் காய்ச்சுறது, சட்டப்படி ஓகேவா இருக்கிற நாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கும் காயில், அதாவது ஸ்பிரிங் மாதிரி சுத்தின பைப், இதேதான், ஒரு மாத்தமும் இல்ல.

ஏன் அவசரமா ஆற வைக்கணும், மூடி வச்சுட்டு தூங்கிட்டா என்னன்னு எங்க வீட்டுலயே கேட்டாங்க. வெயில் காலத்துல இட்லி மாவு எவ்ளோ சீக்கிரம் பொங்கிப் புளிக்குதுன்னு நமக்குத் தெரியும், வோர்ட் அதைவிட இனிப்பு, 60 டிகிரிக்கு கீழ இறங்கி மெதுவா ஆறிட்டு இருக்கிற அந்த பல மணி நேரமும் கிருமிக்கு விருந்துதான். இன்னொண்ணு, மால்ட்ல இருக்கிற ஒரு பொருள் சூடா இருக்கிற வரைக்கும் டைமெத்தில் சல்ஃபைடா மாறிட்டே இருக்கும், கொதிக்கும்போது அது ஆவியோட போயிடும், அடுப்பை அணைச்சு மூடி வச்சா உள்ளயே தங்கி வேகவச்ச சோளம் மாதிரி வாடை அடிக்கும். அப்புறம் சடார்னு ஆறினாதான் புரதம் எல்லாம் திரிஞ்சு அடியில படியும், மேல தெளிவா கிடைக்கும்.

இப்போ பொருள் வாங்குற கதை. நான் சொல்றது 10 லிட்டர் அளவுக்கு, பாத்திரம் உள்விட்டம் 28 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, தண்ணி மட்டம் 16 சென்டிமீட்டர் வரும். இதுக்கு ஏசிக்கு போடுற சாஃப்ட் காப்பர் பைப் மூணு நூல் (3/8 இன்ச்) சைஸ், 25 அடி போதும். காலு இன்ச் எடுக்காதீங்க, தண்ணி ஓட்டம் ரொம்ப கம்மியாயிடும், அரை இன்ச் வளைக்கிறது கஷ்டம், விலையும் ஏறும். பாரீஸ்ல செம்புதாஸ் தெரு பக்கம் ஹார்டுவேர் கடைகள்ல விசாரிங்க, இல்லன்னா உங்க ஏரியா ஏசி மெக்கானிக்கிட்ட கேட்டா மிச்ச பைப் இருக்கும், 15 மீட்டர் ரோலா வாங்கி ரெண்டு பேர் பங்கு போட்டுக்கிட்டாலும் லாபம். வாங்கும்போது தராசுல வைக்கச் சொல்லுங்க, 25 அடி ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை கிலோ வரைக்கும் இருக்கணும், ஒரு கிலோவுக்கு கீழ இருந்தா சுவர் ரொம்ப மெலிசு, வளைக்கும்போது நசுங்கிடும். வெட்டின முனையையும் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது மேல காப்பர் பூசின அலுமினியம், வேணாம்னு திருப்பிக் கொடுத்துடுங்க.

வளைக்கிறதுதான் பொறுமை வேணும்ங்கிற இடம். 20 சென்டிமீட்டர் விட்டத்துல ஒரு எவர்சில்வர் டப்பா எடுத்து மணல் ரொப்பி மூடுங்க, காலி டப்பான்னா அழுத்துறதுல ஒடுங்கிடும், காயில் கையை விட்டதும் கொஞ்சம் விரிஞ்சு 22 வரும், அதுதான் நமக்கு வேண்டியது. முனையில ரெண்டரை அடி நேரா விட்டுட்டு சுத்த ஆரம்பிங்க, பைப்பை இழுத்து வளைக்காதீங்க, டப்பாவை உருட்டுங்க, பைப் தானா வந்து ஒட்டிக்கும், பெருவிரலால அழுத்திக்கிட்டே ஒரு சாண் ஒரு சாணா போகணும். எட்டு சுத்து வந்ததும் நிறுத்தி, அடியில இருக்கிற முனையை காயிலுக்கு உள்பக்கமா நேரா மேல கொண்டு வாங்க. இந்த ஒரு வளைவும், பாத்திர விளிம்பைத் தாண்டி வெளிய வளையுற ரெண்டு இடமும்தான் பைப் மடியுற இடம், இங்க மட்டும் ஏசி மெக்கானிக் வச்சிருக்கிற பெண்டிங் ஸ்பிரிங்கை மேல மாட்டி வளைங்க. மடிஞ்ச இடத்தை சுத்தியலால தட்டி நிமிர்த்தப் பாக்காதீங்க, அங்கதான் பின்னாடி விரிசல் விடும்.

சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி கண்டிப்பா வேணும், ஒட்டிக்கிட்டு இருந்தா நடுவுல வோர்ட் போகாது. எலக்ட்ரிகல் வயர் மேல இருக்கிற பிளாஸ்டிக்கை உரிச்சுட்டு உள்ள இருக்கிற காப்பர் இழையை முறுக்கி மூணு இடத்துல மேல இருந்து கீழ வரைக்கும் பின்னிடுங்க, ஆடாம நிக்கும். பாத்திரத்துக்குள்ள ஒரு ஜாயிண்ட் கூட இருக்கக்கூடாது, சால்டரிங்கும் வேணாம், எலக்ட்ரானிக்ஸ் சால்டர் கம்பின்னா சத்தியமா வேணாம், அதுல பெரும்பாலும் ஈயம் (லெட்) இருக்கும். ஹோஸ் மாட்டுற ரெண்டு முனையும் பாத்திர விளிம்புக்கு வெளிய, கீழ பாத்த மாதிரி இருக்கணும், அப்பதான் சொட்டினாலும் தரையில சொட்டும்.

உள்ள போற பக்கம் கொத்தனார் யூஸ் பண்ற லெவல் டியூப் போதும், 8 மிமீ உள்ளளவு, முனையை சுடுதண்ணில முக்கி எடுத்து சொருகி கிளிப் போட்டு இறுக்குங்க. வெளிய வர்ற பக்கம் மட்டும் சிலிக்கான் ஹோஸ் வாங்குங்க, முதல் சில நிமிஷம் அதுல வர்ற தண்ணி கையை வேக வச்சிடும், லெவல் டியூப் அந்த சூட்டுல இளகி கழண்டு அடிக்கும், பசங்க நடமாடுற கிச்சன்ல இது விளையாட்டு இல்ல.

புது பைப்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்பு போட்டு கழுவிட்டு புளியும் உப்பும் வச்சு நம்ம செப்புக்குடம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சு நல்லா அலசிடுங்க. வெளிய வச்சே பத்து நிமிஷம் தண்ணி ஓட விட்டு ஒழுகுதான்னு பாத்துடுங்க.

அடுப்பை அணைக்கிறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி காயிலை கொதிக்கிற வோர்ட்டுக்குள்ள இறக்குங்க, அந்தக் கொதியிலயே சுத்தமாயிடும். இறக்குறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற தண்ணியை ஊதி வெளிய தள்ளிடணும், இல்லன்னா நீராவியா பீச்சி அடிக்கும். அடுப்பை அணைச்சதும் தண்ணியைத் திறங்க, மாடி டேங்க் வேணாம், காலையிலயே சம்ப்ல இருந்தோ போர்ல இருந்தோ ரெண்டு பக்கெட் பிடிச்சு நிழல்ல வச்சுக்கோங்க, ஏர் கூலர்ல போடுற குட்டி மோட்டார் இதுக்கு போதும், மீன் தொட்டி பம்புன்னா கொளத்தூர்ல கிடைக்கும். பக்கெட்டுக்குள்ள கை விடும்போது பிளக்கைப் பிடுங்கிட்டு விடுங்க. கொதிதண்ணில முக்கி எடுத்த கரண்டியால வோர்ட்டை மெதுவா கிளறிக்கிட்டே இருக்கணும், சும்மா விட்டா காயிலைச் சுத்தி மட்டும் ஆறி மத்த இடமெல்லாம் சூடாவே நிக்கும், கிளறினா நேரம் பாதியாயிடும்.

10 லிட்டர் 100ல இருந்து 45க்கு வர ஏறத்தாழ 27 லிட்டர் தண்ணி ஆகும். அதை சாக்கடையில விட மனசு வராது, 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரி எல்லாம் வறண்டு லாரிக்கு குடம் வரிசை போட்டது யாருக்கு மறக்கும், அந்த சுடுதண்ணியில அன்னைக்குப் பாத்திரம் முழுக்க கழுவிடலாம், எண்ணெய்ப் பிசுக்கு நல்லா போகும்.

45 வந்ததும் பம்பை ஐஸ் பக்கெட்டுக்கு மாத்தி, வெளிய வர்ற ஹோஸையும் அதே பக்கெட்டுலயே விட்டுடுங்க, தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும். 45ல இருந்து 25க்கு வர கணக்குப்படி 2 கிலோ ஐஸ், நம்ம ஊர் சூட்டுல கரையுறதையும் சேத்து 3 கிலோ வச்சுக்கோங்க. முதல்ல இருந்தே ஐஸ் போட்டா ஏழரை கிலோ ஆகும், காசு தண்டம். மொத்தமா அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்.

முடிஞ்சதும் உடனே கழுவி, உள்ள இருக்கிற தண்ணியை வாயால ஊதி வெளிய தள்ளி, துடைச்சு காய வச்சு தொங்க விடுங்க. பச்சைக் களிம்பு தெரிஞ்சா அது விஷம், அடுத்த தடவை இறக்குறதுக்கு முன்னாடி புளி போட்டு தேய்ச்சே ஆகணும். எலுமிச்சை ஜூஸ், ரசம், கொம்புச்சா மாதிரி புளிப்பானதுக்குள்ள இந்தக் காயிலை இறக்காதீங்க, செம்பு கரைஞ்சு இறங்கும், அதுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்தான்.