கடை ரசீதிலிருந்து வரிப் பாடம்: பத்தாம் வகுப்புக்கு ஒரு செய்முறை

வரிச்சுமை யார் தலையில் விழுகிறது என்பதை வரைபடத்தைவிட மளிகைக் கடை ரசீதைக் கொண்டு கற்பிப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் வகுப்பில் பின்பற்றும் முறையை இங்கே தருகிறேன்.

முதலில் மாணவர்களிடம் ஒரு கேள்வியை வையுங்கள்: மதிப்புக்கூட்டு வரி பூஜ்யமாக உள்ள உணவுப் பட்டியலில் இன்னும் ஒரு பொருளைச் சேர்க்கலாம் என்றால், எதைச் சேர்ப்பீர்கள்? பிறகு ஆளுக்கொரு ரசீது கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டுச் செலவு பிறருக்குத் தெரிவதில் பிள்ளைகளுக்குக் கூச்சம் உண்டு. ஆகவே ரசீதுகளைக் கலந்து, யாருடையது என்று தெரியாதபடி குழுக்களுக்குக் கொடுங்கள்.

அடுத்து, பொருள்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அரிசி, பருப்பு, முட்டை, பால், காய்கறி ஆகியவற்றுக்கு வரி பூஜ்யம். கோழி, சர்க்கரை, தேயிலை, மசாலாத்தூள் ஆகியவற்றுக்கு 15 விழுக்காடு. பழுப்பு ரொட்டிக்கு வரி இல்லை, வெள்ளை ரொட்டிக்கு உண்டு. சூரியகாந்தி எண்ணெய்க்கு இல்லை, ஆலிவ் எண்ணெய்க்கு உண்டு. இதற்குக் காரணம் என்ன என்பதைப் பிள்ளைகளே பேசிக் கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாம் படியில்தான் நிதானம் தேவை. கடையில் ஒட்டியிருக்கும் விலை வரியும் சேர்ந்தது. 115 ராண்டுக்கு வாங்கிய கோழியில் வரி எவ்வளவு என்று கேட்டால், பலரும் 115இல் 15 விழுக்காடு கண்டு 17.25 என்பார்கள். சரியான விடை 15 ராண்டு. ஏனெனில் வரி போடப்பட்டது 100 ராண்டின் மீது. மொத்த விலையை 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். இதற்குக் கைபேசிச் செயலி வேண்டாம், காகிதமும் சாதாரணக் கால்குலேட்டருமே நல்லது. 115ஆல் ஏன் வகுக்கிறோம் என்பது எழுதிப் பார்த்தால்தான் மனத்தில் பதியும்.

பிறகு குழுக்கள் வாதிடட்டும். வரி நீங்கினால் மிச்சமாகும் தொகை ஏழைக் குடும்பத்தின் வருமானத்தில் பெரிய பங்கு. ஆனால் அதே பொருளை அதிகமாக வாங்கும் வசதியான குடும்பத்துக்கு ராண்டுக் கணக்கில் கூடுதலாக மிச்சமாகிறது, கடைக்காரர் விலையை முழுவதும் குறைப்பார் என்ற உறுதியும் இல்லை. அரசு இழக்கும் வருவாயை எங்கே ஈடுகட்டுவது என்பதையும் ஒவ்வொரு குழுவும் சொல்ல வேண்டும். அவர்கள் முடிவெடுத்த பின்னரே உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள்: 2018இல் வரி 14இலிருந்து 15 விழுக்காடானபோது அமைக்கப்பட்ட வல்லுநர் குழு வெள்ளை ரொட்டி, மாவு, பள்ளிச் சீருடை உள்ளிட்டவற்றைப் பூஜ்ய வரிப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது, ஆனால் 2019 ஏப்ரலில் மாவு வகைகளும் சானிட்டரி பேடுமே பட்டியலில் சேர்ந்தன.

பின்சேர்க்கை: டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள பங்களாதேஷ் சந்தையில் ரசீது தரமாட்டார்களே என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார். விலையைக் குறிப்பேட்டில் எழுதி வந்தால் போதும். காய்கறிக்கு எப்படியும் வரி இல்லை. மசாலாவுக்கு மட்டும், வியாபாரி இந்த வரிக்குப் பதிவு செய்தவரா என்று பார்க்க வேண்டும். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்க முடியாது என்பதால் அவருடைய விலையை 115ஆல் வகுக்கக் கூடாது.