மாறும் ஒளியில் கடற்கரையை வரைதல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

நிழல் நகர நகர ஓவியத்தையும் திருத்திக்கொண்டே போவதுதான், கடற்கரையில் அமர்ந்து வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. அப்படி வரைந்த படத்தில் படகின் நிழல் ஏழு மணியையும் மணலின் நிறம் எட்டரை மணியையும் காட்டும். ஆகவே, ஒரே நேரத்து ஒளியைத் தொடக்கத்திலேயே தாளில் பதித்துவிட வேண்டும்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, மீன்பிடிப் படகுகள் நிற்கும் மணற்பரப்பில், காலை ஆறரை மணியளவில் தெற்கு நோக்கி அமருங்கள். சூரியன் இடப்பக்கம் இருப்பதால் கோயிலின் விமானமும் படகுகளும் ஒரு பக்கம் ஒளியாகவும் மறுபக்கம் நிழலாகவும் தெளிவாகப் பிரிந்து தெரியும். தாளின் மீது நேர் வெயில் படக் கூடாது. பளிச்சிடும் தாளில் வண்ணத்தைத் தேவைக்கு மேல் அடர்த்தியாக இட்டுவிடுவோம், வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும்போது படம் இருண்டு கிடக்கும்.

300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள நீர்வண்ணத் தாளை ஏ5 அளவில் வெட்டி, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். தாள் பெரிதானால் முடிப்பதற்குள் ஒளி மாறிவிடும்.

முதலில் தொடுவானத்தைச் சாயாமல் ஒரே கோடாக இழுங்கள். அடுத்த ஐந்து நிமிடங்களில், கண்களைப் பாதி மூடிப் பார்த்து, நிழல்களின் எல்லைகளை மட்டும் பென்சிலால் குறியுங்கள். அல்ட்ராமெரின் என்னும் அடர்நீலத்துடன் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைக் கலந்தால் வரும் சாம்பல் நிறத்தை நீர்க்கக் கரைத்து, அந்த நிழல்களை உடனே நிரப்பிவிடுங்கள். இதன்பின் படகின் நிழல் எவ்வளவு சுருங்கினாலும் தாளில் இருப்பதைத் தொட வேண்டாம். இந்தக் கட்டுப்பாடே இம்முறையின் உயிர்.

நிழல் உலர்ந்ததும் வானம், கடல், மணல் என்ற வரிசையில் வண்ணமிடுங்கள். ஈரமணலைக் கூர்ந்து கவனியுங்கள்: அலை பின்வாங்கிய சில நொடிகளுக்கு அது வானத்தின் நிறத்தைக் கண்ணாடிபோல் காட்டி, நீர் உள்ளிறங்கியதும் உலர்மணலைவிடக் கருத்த பழுப்பாகிவிடும். எனவே அங்கே மணலின் பழுப்பை முதலில் இட்டு, அது காயும் முன்பே வானத்து நீலத்தை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் சேர்க்க வேண்டும். நுரைக்குத் தாளின் வெண்மையை விட்டுவைத்தால் போதும். அதன் நிழற்பகுதிக்கு மட்டும் வெளிர்நீலம் தேவை.

1880களில் பிரான்சின் எத்ரெத்தா கடற்கரையில் வரைந்த பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே, பல கேன்வாஸ்களை உடன் வைத்திருந்து, ஒளி மாறும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார். நீங்களும் இரண்டாவது தாள் ஒன்றை ஒட்டி வைத்திருங்கள். எட்டு மணிக்குப் பின் வெளிச்சம் வெளுத்துவிட்டால் முதல் தாளை மூடிவிட்டு, புதிய ஒளியை இரண்டாவது தாளில் தொடங்குங்கள். முடியாமல் நின்ற முதல் தாளை, வானம் அதேபோல் தெளிந்திருக்கும் மறுநாள் காலை ஆறரை மணிக்கே மீண்டும் எடுக்க வேண்டும்.